பால்மரத்தின் பூர்வீகம்

மலாக்கா வரலாற்றைக் கற்பிக்கையில், பரமேசுவராவுக்குப் பிறகு நான் மறவாமல் கூறுவது இரப்பர் மரத்தின் கதை. 1896-இல் டான் சே யான் இங்குள்ள புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். அதுவே மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம். பின்னர் புக்கிட் அசகானிலும் தோட்டம் எழுந்தது. நம் முன்னோர் பால் சீவிய அம்மரங்களின் பூர்வீகம் எது?

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றோரம் திரட்டிய ஏறத்தாழ 70,000 விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தை அடைந்தன. அவற்றில் முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. ஆசிய இரப்பர் மரங்களுள் பெரும்பாலானவை அச்சிறு குடும்பத்தின் வழிவந்தவையே.

அமேசான் காடுகளிலோ நிலை வேறு. ஆக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ என இடத்துக்கு இடம் காட்டு இரப்பரின் மரபணுக்கள் மாறுபடுகின்றன. பிரேசிலில் ஹென்றி ஃபோர்டின் தோட்டங்களைப் பாழாக்கிய இலைக்கருகல் நோய் ஆசியாவுக்கு வந்தால், ஒரே வழிவந்த மரங்கள் ஒருசேர வீழக்கூடும். எனவேதான் 1981-இல் அனைத்துலக ஆய்வுக்குழு அம்மூன்று மாநிலங்களிலும் 60,000-க்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டியது. அவற்றில் ஒரு பகுதி மலேசியாவுக்கும் வந்தது.

இன்று தோட்டங்களில் செம்பனை நிறைந்துவிட்டது. ஆயினும், தலைமுறை தலைமுறையாக நம் குடும்பங்கள் உண்ட சோறு ஒரு கைப்பிடிக் கன்றுகளை நம்பியிருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.