தரையில் எழுதப்பட்ட பேட்டை

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில், மலையடிவாரத்திலிருந்து துறைமுகத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் நிலத்திலே, 1867ஆம் ஆண்டில் வெறும் வரிசை எண்ணையே பெயராகப் பெற்ற ஆறாம் வட்டம், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் பல தேசத்து ஜனங்கள் கலந்து வாழ்ந்த பேட்டையாக விளங்கியது. அடிமைத்தளையினின்று விடுபட்டோரின் சந்ததியார், மலாய் முஸ்லிம்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூத வியாபாரிகள், துறைமுகத் தொழிலாளர் ஆகிய பலரும் ஹனோவர் தெருவின் கடைகளிலும் சினிமாக் கொட்டகைகளிலும் நித்தமும் தோளோடு தோள் உரசி நடந்தனர். டச்சுக் கம்பெனியார் கேப்புக்குக் கொண்டுபோன அடிமைகளில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களும் உண்டு. ஆதலால் அப்பேட்டையின் வம்சாவளியில் நம்மவர் சிலரும் கலந்திருக்கக்கூடும்.

1966 பிப்ரவரி 11ஆம் தேதி, குடியிருப்புகளை நிறவாரியாகப் பிரிக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அது வெள்ளையருக்கு மட்டும் உரிய பிரதேசம் என்று சர்க்கார் பிரகடனம் செய்தது. நெருக்கடியும் சுகாதாரக் கேடும் மலிந்த சேரி என்பது அவர்கள் சொன்ன காரணம். நெருக்கடி இருந்தது மெய்யே. ஆனால் வீட்டைச் செப்பனிடுவதற்கு வீட்டுக்காரனை நாடு கடத்த வேண்டுவதில்லை. 1980களின் தொடக்கத்திற்குள் 60,000க்கு மேற்பட்டோர் மணற்காடான கேப் ஃபிளாட்ஸ் பகுதிக்குத் துரத்தப்பட்டனர். கோயில்களும் மசூதிகளும் நீங்கலாக அநேகமாக எல்லாமே இடித்துத் தள்ளப்பட்டன.

இடித்த இடத்தில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று எழுந்ததேயன்றி, பெரும்பகுதி புல் முளைத்துத் தரிசாகவே கிடந்தது. அதை வேறெவரும் கட்டி ஆளாதபடி முன்னாள் வாசிகளும் அவர்களுடைய நண்பர்களும் 1980களின் இறுதியில் கிளர்ச்சி செய்தனர். அக்கிளர்ச்சியிலிருந்து பிறந்ததே, பியூட்டன்கன்ட் தெருவிலுள்ள பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் 1994 டிசம்பரில் திறக்கப்பட்ட ஆறாம் வட்ட மியூசியம்.

மற்ற மியூசியங்களில் பண்டங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, தொடாதே என்று எழுதி வைப்பார்கள். இங்கோ, தேவாலயத்தின் தரை முழுவதும் பேட்டையின் தெருக்களைப் பெரிய படமாகத் தீட்டி, தத்தம் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதுமாறு வந்தவர்களையே அழைத்தனர். முதியவர்கள் மண்டியிட்டு அமர்ந்து, தங்கள் சந்தினைத் தேடி, குடும்பப் பெயரை எழுதினர். பக்கத்து வீட்டின் பெயர் விடுபட்டிருந்தால் அதையும் சேர்த்தனர். படத்தின்மேல் தொங்கிய தெருப்பலகைகளின் வரலாறு அதனினும் விசித்திரமானது. இடிப்பு வேலையை மேற்பார்த்த ஒருவர், அப்பலகைகளை அழித்துவிடாமல் பல ஆண்டுகள் தம்மிடமே மறைத்து வைத்திருந்து, பின்னர் கொணர்ந்து கொடுத்தார். இடித்த கையே காத்தும் வைத்தது என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை. ஓவியமும் எழுத்தும் அத்துடன் நிற்கவில்லை. வருவோர் தம் ஞாபகங்களை நீண்ட துணியில் எழுத, அவ்வெழுத்தின் மீது பின்னர் நூலால் தையல் வேலை செய்தனர்.

இத்தகைய ஞாபகத்தில் அபாயமும் உண்டு. பிரிந்து வந்த இடம் நினைவில் எப்போதும் அழகு கூடியே தோன்றும். ஒழுகிய கூரையும் வாடகைத் தகராறும் தெருச் சண்டியர்களும் மெல்ல மறைந்துபோகின்றன. அன்றியும், 1901ஆம் ஆண்டிலேயே, பிளேக் நோயைச் சாக்காகக் கொண்டு ஆப்பிரிக்கர் பலர் அவ்வட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். மண்டியிட்டுப் பெயரெழுத அவர்களில் யார் மிஞ்சியிருந்தார்? எனினும் சர்க்காரின் தஸ்தாவேஜுகளில் நிறமாகவும் தொகையாகவும் மட்டுமே பதிவான மனிதர்களுக்கு வீட்டு வாசலையும் அண்டை வீட்டாரையும் திருப்பிக் கொடுத்தது இந்தத் தரைப்படமே என்பேன். 1994ஆம் ஆண்டு நிலமீட்புச் சட்டத்தின்படி உரிமை கோரியவர்களுள் முதல் சிலர் 2004இல் புது வீடுகளின் சாவியைப் பெற்றனர். எஞ்சியோரில் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது, சிலர் காத்திருந்தே காலமாயினர். வெள்ளையர் ஆட்சி சூட்டிய ஸோனபுளூம் என்ற பெயர் மட்டும் 2019இல் நீக்கப்பட்டு, அப்பகுதி மீண்டும் ஆறாம் வட்டம் ஆயிற்று.