மகாராட்டிரச் சட்டமன்றத்தில் நீக்கப்பட்ட ஒரு சொல்: 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழாக்கமும்

முன்னுரை

சட்ட முன்வரைவு ஒன்றை எதிர்த்து எழும் மக்கள் இயக்கத்தின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் வாக்கெடுப்பின் முடிவைக் கொண்டே அளக்கப்படுகின்றன. முன்வரைவு நிறைவேறினால் எதிர்ப்பு தோற்றது என்பது பொதுக் கருத்து. மகாராட்டிரத்தில் 2003 முதல் 2013 வரை நடந்த ஒரு நீண்ட போராட்டம் இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. அங்குச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் அது எந்தப் பெயரால் கோரப்பட்டதோ அப்பெயர் சட்டத்தில் இடம்பெறவில்லை. மான்குர்த், செம்பூர், தாராவி முதலிய மும்பைப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களும் இச்சட்டத்திற்கு உட்பட்டவர்களே. ஆகவே இது தமிழில் எச்சொற்களால் அறியப்படுகிறது என்பது மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டிய ஒன்றாகிறது.

முன்வரைவின் வரலாறு

மருத்துவர் நரேந்திர தாபோல்கர் 1989இல் 'மகாராஷ்டிர அந்தஸ்ரத்தா நிர்மூலன் சமிதி' என்னும் அமைப்பை நிறுவினார். பேயோட்டுதல், பில்லிசூனியம் ஆகியவற்றின் பெயரால் நிகழும் கொடுமைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் வேண்டும் என்பது இவ்வமைப்பின் கோரிக்கை. 2003இல் உருப்பெற்ற முன்வரைவு 'அந்தஸ்ரத்தா' ஒழிப்புச் சட்டம் என்றே மக்களிடையே வழங்கியது. 2005 டிசம்பரில் இதன் ஒரு வடிவம் சட்டப்பேரவையில் நிறைவேறிற்று, மேலவையில் நிறைவேறவில்லை. அடுத்து இது ஓர் ஆய்வுக் குழுவிடம் சென்றது. செம்பூர்த் தொகுதியின் உறுப்பினரும் அமைச்சருமாக இருந்த சந்திரகாந்த் ஹண்டோரே அக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2009இல் பேரவையின் காலம் முடிந்தது, சட்டம் உருவாகவில்லை.

எதிர்த்தோர் ஒரே தரப்பினர் அல்லர். பண்டரிபுர யாத்திரை மரபைச் சேர்ந்த வார்க்கரிகளில் ஒரு பகுதியினரும், இந்து ஜனஜாக்ருதி சமிதி, சனாதன் சன்ஸ்தா முதலிய அமைப்புகளும் ஊர்வலங்கள், மனுக்கள், உறுப்பினர்களை நேரில் காணுதல் ஆகிய வழிகளால் தம் மறுப்பைத் தெரிவித்தனர். அரசமைப்பு சார்ந்த இவ்வழிகள் குடியாட்சியில் எவருக்கும் உரியவை. முன்வரைவை ஆதரித்தோரும் அவற்றையே கையாண்டனர். துகாராம் முதலிய அடியார்களின் மரபையும் இரு தரப்பினரும் தமக்குச் சான்றாகக் காட்டினர் என்பது குறிப்பிடத்தக்கது.

2013 ஆகஸ்ட் 20இல் தாபோல்கர் புணே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே அவசரச் சட்டத்திற்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாக்பூரில் நடந்த குளிர்காலக் கூட்டத்தொடரில், 13ஆம் நாள் பேரவையிலும் 18ஆம் நாள் மேலவையிலும் முன்வரைவு நிறைவேறியது. கொலை வழக்கில் 2024 மே 10இல் புணே நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்து, மூவரை விடுவித்தது.

'அந்தஸ்ரத்தா': சொல்லும் சிக்கலும்

'அந்தஸ்ரத்தா' என்பது குருடு எனப் பொருள்படும் 'அந்த' என்பதும், பற்றுறுதி எனப் பொருள்படும் 'ஸ்ரத்தா' என்பதும் இணைந்த தொகை. சமயத்தாரிடையே 'ஸ்ரத்தா' உயர்ந்த சொல். அதற்கு முன் 'அந்த' என்னும் அடை வரும்போது, எந்தப் பற்று கண்ணுடையது, எது கண்ணற்றது என்பதை முடிவு செய்வோர் யார் என்னும் வினா எழுகிறது. எதிர்ப்பாளர் விடாது எழுப்பிய வினா இதுவே. காவல் அதிகாரியும் நீதிபதியும் நம்பிக்கையை எடைபோடும் நிலை வரும் என அவர்கள் அஞ்சினர்.

சட்டம் இவ்வினாவுக்கு விடை கூறவில்லை. வினா எழாதவாறு தன் அமைப்பை மாற்றிக்கொண்டது. 2013ஆம் ஆண்டின் 30ஆம் எண்ணுடைய சட்டத்தின் தலைப்பில் 'அந்தஸ்ரத்தா' இல்லை. 'நரபளி', 'அமானுஷ', 'அனிஷ்ட', 'அகோரி', 'ஜாதூடோணா' என்னும் சொற்களே உள்ளன. இவற்றுக்கும் பொதுவான பொருள்விளக்கம் தரப்படவில்லை. அட்டவணையில் கண்ட 12 செயல்வகைகளுள் ஒன்றைச் செய்வதே குற்றம் என வரையறுக்கப்பட்டது. பேயோட்டுவதாகக் கூறிக் கட்டி அடித்தல், பாம்பு, தேள், நாய் கடித்தவரை மருத்துவம் பெறவிடாது தடுத்தல், ஒருவரைச் சூனியக்காரர் எனப் பழித்தல் போன்றவை அப்பட்டியலில் அடங்கும். தண்டனை ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரையிலான சிறை. சுருங்கக் கூறின், கருத்துவழி வரையறை நீங்கிப் பட்டியல்வழி வரையறை வந்தது.

விலக்குப் பிரிவிலும் பட்டியல் முறையே உள்ளது. யாத்திரை, ஹரிகீர்த்தனை, பஜனை, மறைந்த அடியார்களின் அற்புதங்களைக் கூறுதல், குழந்தைகளுக்குக் காது மூக்குக் குத்துதல், சமணரின் மயிர்பறித்தல், நந்தி மாட்டுக்காரர் கூறும் குறி ஆகியன பெயர் சுட்டி விலக்கப்பட்டன. பெயர் பெற்றவை பெரும்பாலும் மராட்டிய மண்ணில் நன்கு அறியப்பட்டவை. தமிழர் வழிபாட்டில் காணப்படும் அலகு குத்துதல் இரு பட்டியல்களிலும் பெயர் பெறவில்லை. உடலுக்குத் தீங்கு விளைவிக்காத வழிபாடு என்னும் பொதுத் தொடரைக் கொண்டே அதன் நிலை அறியப்பட வேண்டும்.

தமிழாக்கத்தில் எழும் இடர்கள்

தமிழில் இச்சட்டத்தை 'மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம்' எனக் குறிப்பிடுவது எளிது. ஆயினும் பத்தாண்டு வாதத்திற்குப் பின் இடம்பெறாது போன கருத்தை இது மீண்டும் உள்ளே கொணர்கிறது. மேலும் 'அந்த' என்பது பார்வையைக் குறை கூறும். 'மூட' என்பது நம்புவோரின் அறிவையே குறை கூறும். சுயமரியாதை இயக்கத்தின் பரப்புரையால் தமிழில் இச்சொல் பெற்ற அரசியல் வன்மை மராத்திச் சொல்லுக்கு இயல்பாக அமைந்ததன்று. வடமொழி 'ஸ்ரத்தா'வின் தமிழ் வடிவமான 'சிரத்தை'யோ ஊக்கம், கவனம் என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது.

உருவொப்புமையால் வரும் மயக்கம் இதனினும் பெரிது. மராத்தியில் 'அமானுஷ' என்பது மனிதத் தன்மையற்றது, கொடியது என இங்குப் பொருள்படும். தமிழில் 'அமானுஷ்யம்' இயற்கைக்கு அப்பாற்பட்டதைக் குறிக்கும். ஒலியை நம்பிப் பெயர்த்தால், கொடுமையைத் தடுக்கும் சட்டம் தெய்வச் செயலைத் தடுப்பதாக மாறிவிடும். 'அகோரி' தமிழருக்கு ஒரு சைவத் துறவியர் பிரிவினரின் பெயர். இங்கு அது 'கொடூரமான' என்னும் அடை. மாறாக, அட்டவணையில் வரும் 'கரணீ' என்பதற்குச் 'செய்வினை' மிகப் பொருந்துகிறது. இரண்டும் 'செய்' என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்து, பிறர்க்குத் தீங்கு சூழ்தலைக் குறித்தவை.

முடிவுரை

எதிர்ப்பு இயக்கம் சட்டத்தைத் தடுக்கவில்லை; சட்டம் பேசும் மொழியை மாற்றியது. கருநாடகத்திலும் 2013இன் வரைவில் இருந்த மூடநம்பிக்கை என்னும் பொருளுடைய சொல் 2017ஆம் ஆண்டுச் சட்டத் தலைப்பில் காணப்படவில்லை. இம்மாற்றத்தை இழப்பு என்போர், பட்டியலில் இல்லாத புதிய கொடுமைகள் தப்பும் என்பர். நன்மை என்போர், குற்றம் எது என்பது குடிமக்களுக்குத் தெளிவாகிறது என்பர். எவ்வாறாயினும், அத்தெளிவு மொழிபெயர்ப்பில் கெடலாகாது. 'நரபலி, பிற மனிதத் தன்மையற்ற, தீய, கொடூர வழக்கங்கள், பில்லிசூனியம் ஆகியவற்றைத் தடுத்து வேரறுக்கும் சட்டம்' என்பது நீண்ட பெயரே. ஆயினும் சட்டம் கூறுவதை மட்டும் கூறுகிறது. தம் வழிபாட்டைச் சட்டம் தடுக்கிறது என மான்குர்த்தின் தமிழ்க் குடும்பம் ஒன்று தவறாக அஞ்சுவதும், பாம்பு கடித்தவரை மருத்துவமனைக்கு விடாது தடுப்பது குற்றம் என அறியாதிருப்பதும் இப்பெயர்ப்புப் பிழையின் விளைவுகளாகக் கூடும்.