மலைப் பாட்டும் மூலநிரலும்

மேட்டூர்ப் பக்கத்திலிருந்து பாலாற்றைக் கடந்து மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் தமிழ் அடியார்கள் இன்றும் மிகப் பலர். அம்மலையைத் தன்னகத்தே கொண்டிருந்த கொள்ளேகாலம் தாலுகா 1956 நவம்பர் முதல் நாள் மைசூரோடு சேரும்வரை, கோயமுத்தூர் ஜில்லாவின் பகுதியாகவே இருந்தது. அங்கே கம்சாளை என்னும் வெண்கலத் தாளத்தை இசைத்துத் தேவரகுட்டர்கள் மாதேஸ்வரர் கதையைக் கன்னடத்தில் நெடும்பாட்டாகப் பாடுவர். இப்பாட்டை ஒருவர் இயற்றினார் என்று சொல்வதற்கில்லை. முன்னோரிடம் கேட்டுக் கற்றவர் தாமும் சிறிது கூட்டியும் குறைத்தும் பாட, அது தலைமுறைதோறும் வளர்ந்து வந்துள்ளது.

கணிப்பொறி உலகிலும் இத்தகைய பொதுமை தொடக்கத்தில் இருந்தது. பொறியை வாங்கினால் அதனை இயக்கும் நிரலும் உடன் வரும். அறிந்தவர் திருத்திப் பிறருக்கும் கொடுப்பர். 1969இல் ஐ.பி.எம். நிறுவனம் நிரலுக்குத் தனி விலை வைக்கப் போவதாக அறிவித்தது. பிறகு நிறுவனங்கள் பலவும் மூலநிரலையே மறைக்கத் தலைப்பட்டன. இதனை ஏற்காத ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983இல் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989இல் அவர் வகுத்த பொது உரிமம், நிரலைத் திருத்தி வழங்குவோர் அதன் மூலத்தையும் உடன் வழங்க வேண்டும் என்று விதித்தது. ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், மறு ஆண்டே அவ்வுரிமத்தின் கீழ் வந்தது.

மலைப் பாட்டுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே ஒவ்வொரு குழுவின் பாடமும் தனித்தனியே நிற்கும். இங்கேயோ திட்டத்தைப் பேணுவோர் வரும் திருத்தங்களைச் சோதித்து ஒரே மூலத்தில் சேர்ப்பர். அவர் மறுத்துவிட்டால், படியெடுத்துத் தனி வழி செல்லவும் உரிமம் இடந்தருகிறது.

நம்மவர் இதில் செய்யத்தக்கது யாது? நிரல் எழுதத் தெரிந்திருந்தால்தான் கை வைக்கலாம் என்று அஞ்சி ஒதுங்குவோர் பலர். 'கெ' என்னும் எழுத்தையே நோக்குவோம். கொம்பு கண்ணுக்கு முன்னே நிற்கிறது. 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையிலோ ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் பதிவாகின்றன. அவற்றைத் திரையில் இடம் மாற்றி அமைப்பது ஹார்ஃப்பஸ் போன்ற திறந்த நிரல்களின் வேலை. இவ்வேலை பிசகினால், தமிழறியாத நிரலாளர் கண்ணுக்கு அது பிழையாகவே தோன்றாது. ஆரம்பப் பள்ளிச் சிறுவன் கண்டுகொள்வான். எந்தப் பொறியில், எந்தப் பதிப்பில், எதைத் தட்டினோம், என்ன தோன்றியது, என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதி அனுப்பினால் அதுவே நல்ல பங்களிப்பு. "தமிழ் சரியாக வரவில்லை" என்று மட்டும் எழுதினால் எவருக்கும் பயனில்லை.

அனுப்புமுன், அதே பிழையைப் பிறர் முன்னமே அறிவித்துள்ளாரா என்று தேடிப் பார்த்தல் நன்று. திருத்தத்தையே எழுத வல்லவர் திட்டத்தின் விதிகளையும் உரிமத்தையும் படித்து, ஒரு முறைக்கு ஒரு சிறு மாற்றமாக அனுப்புதல் வேண்டும். பத்தினை ஒன்றாய்க் கட்டி அனுப்பினால் சோதிப்பவர் சலித்து ஒதுக்கிவிடுவர். திருப்பி அனுப்பினாலும் மனம் தளர வேண்டுவதில்லை. பழகியவர் திருத்தமும் இரண்டு மூன்று முறை திரும்பி வருவதுண்டு. ஏற்கப்பட்டதும், 2005இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்னும் பதிவேட்டைக் கையாளும் திட்டங்களில், மாற்றியவர் பெயரும் நாளும் அத்திருத்தத்தோடு பதிவாகின்றன. மலைப் பாட்டில் ஓரடி கூட்டியவர் பெயரை இன்று எவரும் அறியார்.