பேர் தெரிந்தால்தான் வைத்தியம்



மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். விடுதி நாட்களையும் மெஸ் சாம்பாரையும் பற்றி எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நானோ நாற்பது வருஷம் மைக்ரோஸ்கோப்போடு குடித்தனம் நடத்தியவன். எனவே எங்கள் வீட்டு வாசல்வரை வந்த ஒரு நோயின் சரித்திரத்தைச் சொல்கிறேன். வீட்டில் உள்ளவர்களும் படிப்பார்கள் என்பதால் எளிமையாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசல் பூமியிலுள்ள குருவிகுளம். அன்று திருநெல்வேலி மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம். 1983-இல் என் பெரியப்பாவுக்கு ஓயாத அசதி, அடிக்கடி மூக்கில் ரத்தம். ஈ.எஸ்.ஆர். பார்த்தால் ஒரு மணி நேரத்தில் 140. அந்தக் காலத்தில் ஈ.எஸ்.ஆர். ஏறினால் முதலில் நினைப்பது காசநோயைத்தானே! யாரோ எழுதிக் கொடுத்த காசநோய் மாத்திரையை ஏழு மாதம் விழுங்கினார். ஒருநாள் என்னிடம், "ஏய்யா, கண்ணு முன்னால ஒட்டடை புடிச்ச மாதிரி இருக்கே" என்றார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

ரத்தம் எடுத்த டெக்னீஷியன், "சார், இது ரத்தமா, கருப்பட்டிப் பாகா? சிரிஞ்சை விட்டு வரமாட்டேங்குது" என்றார். ஸ்லைடில் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. எலெக்ட்ரோபோரெசிஸ் படத்தில் ஒரே ஒரு கூர்மையான சிகரம். "மைலோமா" என்றார்கள். ஆனால் மண்டையோட்டு எக்ஸ்ரேயில் ஓட்டை ஒன்றும் இல்லை. மஜ்ஜையில் பிளாஸ்மா செல்களைவிட லிம்போசைட் சாயலுள்ள செல்களே அதிகம். அப்படியானால் இது என்ன நோய்?

இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட முன்கதை உண்டு. 1845-இல் லண்டனில் எலும்பு வலியால் துடித்த ஒரு மளிகைக்காரரின் சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் சோதனைக்கு வந்தது. அதிலிருந்த ஒரு புரதம் சூடாக்கினால் உறைந்தது, கொதிக்கவைத்தால் கரைந்தது, ஆறினால் மறுபடி உறைந்தது. அடுத்த ஆண்டின் முதல் நாளே நோயாளி இறந்துபோனார். 1873-இல் ருஸ்டிட்ஸ்கி இதே நோய்க்கு 'மல்டிபிள் மைலோமா' என்று பெயரிட்டார். அந்தப் புரதம் எதிர்ப்புரதத்தின் 'லேசான சங்கிலி' என்று எடெல்மனும் கேலியும் நிரூபித்தது 1962-இல்தான். பெயர் கிடைத்த பிறகும் பொருள் விளங்க ஏறக்குறைய தொண்ணூறு வருஷம்!

இடையில் ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரம் வருகிறது. அங்கே திசேலியஸ் 1937-இல் மின்சாரத்தால் ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டினார். அதே ஊரில் ஸ்வெட்பெரியின் ஆய்வுக்கூடத்தில் அதிவேகச் சுழல் இயந்திரம் இருந்தது. அங்கு மருத்துவராயிருந்த யான் வால்டென்ஸ்ட்ரோம், 1944-இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். மூக்கிலும் வாயிலும் ரத்தக்கசிவு, ரத்தசோகை, வீங்கிய நிணநீர்க் கணுக்கள், ஏறிய ஈ.எஸ்.ஆர்.; ஆனால் எலும்பு அரிப்பு இல்லை. சுழற்றிப் பார்த்தால் அவர்கள் ரத்தத்தில் பத்து லட்சம் அளவு மூலக்கூறு எடையுள்ள ஒரு ராட்சதப் புரதம்! சாதாரண ஐ.ஜி.ஜி. எதிர்ப்புரதத்தின் எடை ஒன்றரை லட்சம்தான். ஐந்து அலகுகள் சேர்ந்த அந்த ராட்சதனைத்தான் இன்று ஐ.ஜி.எம். என்கிறோம். அது மிகுந்தால் ரத்தம் பாகாகிறது, விழித்திரை நாளங்கள் புடைக்கின்றன. என் பெரியப்பா கண்ட 'ஒட்டடை' அதுதான்.

வால்டென்ஸ்ட்ரோம் 1961-இல் இன்னொரு பெரிய காரியம் செய்தார். அதை எங்கள் சங்கரன்கோவில் தறியை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். ஆயிரம் தறிகள் ஆயிரம் விதச் சேலை நெய்வது இயல்பு. காய்ச்சலோ காசநோயோ வந்தால் எல்லாத் தறியும் வேகமாக ஓடும். சரக்கு கூடும், ஆனால் விதவிதமாகவே இருக்கும். ஒரே தறி பல்கிப் பெருகி, ஒரே டிசைனால் கிட்டங்கியை நிரப்பினால் அது வேறு சங்கதி. முன்னது பல குல எதிர்ப்புரதம், பின்னது ஒரு குல எதிர்ப்புரதம் என்று அவர் பிரித்தார். அதோடு, ஒரு குலமாக இருந்தும் ஆளை ஒன்றும் செய்யாத நிலை உண்டு என்றும் சொன்னார். 1978-இல் அமெரிக்காவின் ராபர்ட் கைல் அதற்கு 'எம்.ஜி.யூ.எஸ்.' என்று பெயர் வைத்தார். முக்கியத்துவம் இன்னதென்று தீர்மானிக்கப்படாத நிலை என்று பொருள். ஒரு மருத்துவர் வைத்த பெயர்களிலே இவ்வளவு அடக்கமான பெயரை நான் பார்த்ததில்லை.

2002-இல் ஏதென்ஸில் கூடிய வல்லுநர்கள் எல்லைக்கோடு போட்டார்கள். ஐ.ஜி.எம். எத்தனை கிராம் என்பது முக்கியமில்லை. மஜ்ஜையில் லிம்போபிளாஸ்மசைட்டிக் லிம்போமா இருந்தால்தான் அது வால்டென்ஸ்ட்ரோம் நோய். அப்படியே இருந்தாலும், தொந்தரவு தொடங்கினால்தான் மருந்து. எண்ணைப் பார்த்து மருந்து கொடுக்கக்கூடாது. 2012-இல் ட்ரியோன் குழுவினர் இந்த நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு எம்.ஒய்.டி.88 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். தொல்லையில்லாத ஐ.ஜி.எம். நிலையிலும் அந்த மாற்றம் பலருக்கு இருப்பதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

'வெறும் பேர்தானே?' என்று கேட்பவர்களுக்கு இரண்டு பேரைக் காட்டுவேன். ஒருவர் என் பெரியப்பா. வால்டென்ஸ்ட்ரோம் என்று முடிவானதும் பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்தோம். 1960 முதலே அறியப்பட்ட வழி அது. ஐ.ஜி.எம். பெரும்பாலும் ரத்தக்குழாய்க்குள்ளேயே நிற்பதால் உடனே பலன் தெரியும். ஒரு பை ரத்தம் எடுப்பது, சுழற்றுவது, பாகை நீக்கி அணுக்களைத் திரும்ப ஏற்றுவது. நாலாம் நாள் காலையில் வார்டுச் சுவரைப் பார்த்து, "காலண்டர்ல தேதி தெரியுதுய்யா" என்றார். பிறகு குளோராம்புசில் மாத்திரை. ஆறு வருஷம் இருந்தார். இடது கண்ணில் மட்டும் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. அந்த ஏழு மாதம் என் மனதில் இன்னும் கிடக்கிறது. நானும் டாக்டர்தானே, முதல் மாதமே ஒரு ஸ்லைடு போட்டுப் பார்த்திருக்கலாமே!

இன்னொருவர் எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா. 2011-இல் 'முழு உடல் பரிசோதனை'யில் ஒரு சின்னச் சிகரம் தெரிந்தது. லிட்டருக்கு 8 கிராம். "கேன்சர்" என்று யாரோ சொல்ல, பிள்ளைகள் நிலத்தை விற்க ஆள் பார்த்துவிட்டார்கள். சர்வதேச வரையறைப்படி பார்த்தேன். 30 கிராமுக்குக் கீழே, மஜ்ஜையில் பிளாஸ்மா செல் பத்து சதவீதத்துக்குள்ளே, எலும்பு, சிறுநீரகம், கால்சியம், ஹீமோகுளோபின் எல்லாம் சரி. எம்.ஜி.யூ.எஸ்.தான். நோயாக மாறும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றில் ஒன்று. "மருந்து வேண்டாம் டீச்சர். ஆனா வருஷம் ஒரு தடவை ரத்தம் பாக்காம இருக்கப்படாது" என்றேன். நிலம் விற்கவில்லை. இன்றும் ஆடித்தபசுக்குப் போய்விட்டு வந்து என் வீட்டில் காபி குடிக்கிறார்.

ஒருவருக்குச் சரியான பெயர் மருந்தைக் கொண்டுவந்தது. மற்றவருக்குச் சரியான பெயர் மருந்தை விலக்கியது. வகைப்படுத்தல் என்பது பரீட்சைக்கு உருப்போடும் அட்டவணை என்றுதான் மாணவனாக இருந்தபோது நினைத்தேன். அந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இன்றும் பிராக்டீஸ் பண்ணும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காரணம் தெரியாமல் ஈ.எஸ்.ஆர். நூறைத் தாண்டினால், காசநோய் மாத்திரை எழுதுமுன் ஒரு ஸ்லைடைப் பாருங்கள். காசு அடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றவை நேரில் பேசுவோம். வணக்கம்.