ஐவர் அறையில் ஓர் எழுத்து: திரைப்பட வயதுச் சான்றும் அதன் நியாயமும்

1951இல் ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரித்த ‘மர்மயோகி’தான் தமிழில் முதன்முதலாக ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படம் என்று திரை வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். காரணம் முத்தமும் அல்ல, ரத்தமும் அல்ல; ஓர் ஆவி. அதுவும் மெய்யான ஆவி இல்லை. செத்துப்போனதாக ஊர் நம்பும் அரசன் கட்டும் வேஷம் அது. எம்.ஜி.ஆர். கரிகாலனாக வாள் சுழற்றிய படத்தை, வாள் சண்டையை விழுந்து விழுந்து பார்க்கக்கூடிய பையன்கள் பார்க்க முடியாமல் போனது. இன்றைக்கு ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வரிசைப் பேய்ப் படங்களுக்குப் பிள்ளைகள்தான் பெற்றோரை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய செய்திதான். எதைக் கண்டு பிள்ளைகள் மிரள்வார்கள் என்ற கணிப்பு தலைமுறைக்குத் தலைமுறை மாறும், மாறுவதில் குற்றமில்லை. மாற்றுகிறவர் யார், எதை வைத்து மாற்றுகிறார், அதற்கான காரணத்தை யாரிடம் சொல்கிறார் என்பதே கேள்வி. இந்தியாவில் வயதுச் சான்று வயதை அளக்கும் கோலாக மட்டும் இருந்ததில்லை. வெட்டுக்கும், வரிக்கும், தொலைக்காட்சி உரிமையின் விலைக்கும் மாற்றாகக் கைமாறும் நாணயமாகவே அது புழங்கிவந்திருக்கிறது. படத்துக்குக் கிடைத்த எழுத்து கடுமையானதா தளர்வானதா என்பதைவிட, இந்தப் புழக்கத்தில்தான் அநியாயம் ஒளிந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தின் கதை சுருக்கமானது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் அனைவருக்குமான ‘யு’, வயது வந்தோருக்கான ‘ஏ’ என்ற இரண்டு எழுத்துகளோடு நெடுங்காலம் ஓடியது. 1983இல் இடையில் ‘யுஏ’ வந்தது. மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கு மட்டுமான ‘எஸ்’ஸும் வந்தது. அதே ஆண்டில் ‘தணிக்கை வாரியம்’ என்ற பெயரும் ‘சான்றளிப்பு வாரியம்’ என்று மாறியது. பெயர்ப்பலகைதான் மாறியது. கோடம்பாக்கத்தில் இன்றும் யாரும் ‘சான்றளிப்பு முடிந்ததா’ என்று கேட்பதில்லை. ‘சென்சார் ஆயிடுச்சா, எத்தனை கட்?’ என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியின் இரண்டாம் பாதியில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

வயதுப் பிரிவினையே செல்லுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1970இல் விடை சொல்லிவிட்டது. கே.ஏ. அப்பாஸ் நான்கு நகரங்களைப் பற்றி எடுத்த குறும்படத்தில் பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதி ஓரிரு காட்சிகளில் வந்தது, ‘ஏ’ கொடுத்தார்கள். அவர் ‘யு’ கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அரசு ‘யு’ தர முன்வந்தும், அவர் முன்தணிக்கையே செல்லாது என்ற வாதத்தை விடவில்லை. நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. திரைப்படம் மற்றக் கலைகளைவிட வேகமாக மனத்தை உலுக்கும், எனவே அதைத் தனியாக நடத்தலாம், பார்வையாளரை வயதால் பிரிக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பின் முடிவோடு சண்டை போடவேண்டியதில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கும் இருபத்தெட்டு வயதுக்காரருக்கும் ஒரே காட்சி ஒரே காட்சியாக இருப்பதில்லை.

இனி, முடிவு எடுக்கப்படும் அறைக்குள் போகலாம். வாரியத்துக்கு மும்பைத் தலைமையகத்தின் கீழ் ஒன்பது வட்டார அலுவலகங்கள். சென்னை அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. முழுநீளப் படமென்றால் வாரிய அதிகாரி ஒருவரும், ஆலோசனைக் குழுவிலிருந்து அழைக்கப்படும் நால்வரும் பரிசீலனைக் குழுவாகச் சேர்ந்து பார்ப்பது நெடுநாள் வழக்கம். ஆலோசனைக் குழுவினரை நியமிப்பது மத்திய அரசு. ஆசிரியர், வழக்கறிஞர், சமூக சேவகர், கட்சிக்கு நெருக்கமானவர் என்று யாரும் இருக்கலாம். குழந்தை உளவியல் தெரிந்தவர் ஒருவராவது இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 2024இன் புதிய விதிகள் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் வேண்டும் என்கின்றன. நல்லதுதான். ஆனால் அவர்கள் எந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள் என்பதற்கு விடை 1991இல் வகுத்த வழிகாட்டு நெறிகளின் பொதுச் சொற்களில்தான் இருக்கிறது. வன்முறை ‘தேவையற்றதாக’ இருக்கக் கூடாது என்றால், தேவையைத் தீர்மானிப்பது யார்?

படம் ஓடும்போது இயக்குநரும் தயாரிப்பாளரும் உள்ளே இருக்கக் கூடாது. முடிந்ததும் அழைப்பார்கள். அப்போது தொடங்குவதைத்தான் துறையினர் ‘பேசி முடிப்பது’ என்கிறார்கள். இந்த இரண்டு வார்த்தைகளை மியூட் செய்தால், கழுத்து அறுபடுவதைப் பாதியாகக் குறைத்தால் யுஏ. ‘அப்படியே வேண்டுமென்றால் ஏ’. சட்டத்தின் கண்ணில் இது விண்ணப்பதாரரின் விருப்பம். வெளியீட்டுத் தேதியைச் சுவரொட்டியில் அச்சடித்து, திரையரங்குகளில் முன்பணம் வாங்கிவிட்டு வந்து நிற்பவருக்கு விருப்பம் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பது வேறு விஷயம்.

இந்தப் பேரத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. 2006இல் அன்றைய தி.மு.க. அரசு, தமிழில் தலைப்பு வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்றது. ‘எந்திரன்’ ‘ரோபோ’ ஆகாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 2011இல் ஆட்சி மாறியதும் நிபந்தனைகள் கூடின: தலைப்பு தமிழில் இருந்தால் போதாது, சான்றிதழ் ‘யு’வாகவும் இருக்கவேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இது நீடித்தது.

நோக்கம் என்னவோ குடும்பப் படங்களை ஊக்குவிப்பதுதான். நடந்தது தலைகீழ். ‘யு’ என்ற எழுத்துக்கு ரூபாயில் ஒரு மதிப்பு வந்ததும், எந்தப் படமானாலும் அதை ‘யு’வுக்குள் திணிக்கப் பார்த்தார்கள். பெரியவர்களுக்காக எழுதப்பட்ட கதையில் ரத்தம் தெறிக்கும் ஷாட்டை மட்டும் தூக்கிவிட்டு, குத்தும் பகையும் பழிவாங்கலும் அப்படியே நிற்க, ‘க்ளீன் யு’ என்று விளம்பரம் வந்தது. குழந்தைக்குத் தீங்கு ரத்தத்தின் அளவில் இருக்கிறதா, கதாநாயகன் அடிப்பதே நியாயம் என்ற பாடத்தில் இருக்கிறதா என்பதை வரி அதிகாரி கேட்கப்போவதில்லை. பிள்ளைகளைக் காக்க வந்த எழுத்து, பிள்ளைகளுக்கு ஆகாத படங்களுக்கு அவர்களை அழைத்துவரும் சீட்டாகிவிட்டது. யுஏ வாங்கிய நேர்மையான படமோ வரியைக் கட்டிக்கொண்டு நின்றது.

இந்த எழுத்துகள் குழந்தைகளைப் பற்றியே இல்லாத சண்டைகளையும் தாங்கியிருக்கின்றன. சாதிச் சான்றிதழை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போகும் பிராமணப் பெண்ணின் கதை ‘ஒரே ஒரு கிராமத்திலே’. மறுபரிசீலனைக் குழு பெரும்பான்மை வாக்கில் ‘யு’ தந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றிய அரசியல் விவாதம் அது. அந்த விவாதத்தைப் பத்து வயதுக்காரர் பார்க்கலாமா என்பது அங்கே யாருடைய கவலையும் அல்ல. ஆனாலும் வழக்கு தொங்கியது ‘யு’ என்ற ஓர் எழுத்தின் மீதுதான்.

2025 ஆகஸ்ட் 14இல் வெளியான ‘கூலி’ இந்தச் சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து காட்டியது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ரஜினிகாந்த் படத்துக்கு ‘ஏ’. பள்ளிப் பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள் வாசலில் திரும்பின. படத்தைத் தயாரித்த சன் நிறுவனம் உயர் நீதிமன்றம் போய், ‘கே.ஜி.எஃப்.’, ‘பீஸ்ட்’ போன்ற படங்களுக்கு யுஏ கிடைத்திருக்கும்போது இதற்கு ஏன் இல்லை என்று கேட்டது. வன்முறைதான் காரணம், ‘ஏ’வை ஒப்புக்கொண்டுதான் படத்தை வெளியிட்டார்கள் என்பது வாரியத்தின் பதில். நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

முடிவு சரியென்றே தோன்றுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அபராதம் போடவில்லை என்பது நம்முடைய குற்றத்துக்கு விடை ஆகாது. ஆனால் அந்த ஒப்பீடு ஏன் அத்தனை பேரிடம் எடுபட்டது? ‘பீஸ்ட்’டுக்கு எந்தக் காரணத்தால் யுஏ, ‘கூலி’க்கு எந்தக் காட்சியால் ‘ஏ’ என்று பொதுமக்கள் எடுத்துப் படிக்கும்படி ஒரு பக்க விளக்கம் கூடக் கிடையாது. காரணம் மறைந்திருக்கும் இடத்தில் எல்லோருக்கும் ஒப்பிடுவது ஒன்றே வழி.

இன்னொன்றும் இருக்கிறது. 2023இன் சட்டத் திருத்தம் யுஏவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. காகிதத்தில் இது சீரான படிக்கட்டு. அதே திருத்தம், யுஏ வயதுக் குறிப்பு பெற்றோரின் யோசனைக்கு மட்டுமே, வேறு யாரும் அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. ஆகவே யுஏ 16+ படத்துக்கு ஐந்து வயதுக் குழந்தையை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். ஒரு படி மேலே ஏறி ‘ஏ’ ஆகிவிட்டால், பதினேழரை வயதுப் பிள்ளை அப்பாவோடு வந்தாலும் உள்ளே விடக் கூடாது. விட்டால் திரையரங்கு தண்டனைக்கு ஆளாகும். படிக்கட்டு என்று நினைத்து ஏறுகிறவர், கடைசிப் படியில் மதிற்சுவரில் முட்டிக்கொள்கிறார். ‘ஏ’ படத்தைத் தொலைக்காட்சியில் அப்படியே ஒளிபரப்பவும் முடியாது. வெட்டி, மறுசான்று வாங்கவேண்டும். இந்தச் சுவருக்காகத்தான் இத்தனை பேரமும்.

கட்டாயப்படுத்த முடியாத குறிப்பை யார் மீது கட்டாயப்படுத்துவார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2023 மார்ச் 30, சென்னை கோயம்பேட்டுப் பக்கத்துத் திரையரங்கு ஒன்றில் ‘பத்து தல’ முதல் நாள். கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை ஊழியர் உள்ளே விடவில்லை. பக்கத்தில் இருந்தவர் எடுத்த காணொளி பரவியதும் நிர்வாகம் சொன்ன விளக்கம்: படம் யுஏ, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். அன்றைய சட்டப்படி யுஏ என்றால் பெற்றோர் வழிகாட்டல் வேண்டும் என்றுதான் பொருள். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களோடுதான் வந்திருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியபின் உள்ளே அனுப்பினார்கள். ஊழியர்கள் மீது வழக்கும் பதிவானது. சொந்தக் காரில் வந்து இறங்கும் குடும்பத்தின் நான்கு வயதுக் குழந்தையிடம் இந்த நகரத்தில் யார் யுஏவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்?

வெளிநாடுகளில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் பிஜி-13 என்ற பிரிவு 1984இல் வந்தது. ‘இண்டியானா ஜோன்ஸ்’ இரண்டாம் படமும் ‘கிரெம்லின்ஸ்’ஸும் பிஜியில் வெளியாகிப் பெற்றோரைக் கொதிக்கவைத்ததன் பயன் அது. அந்தப் பிரிவில் துப்பாக்கி வன்முறை 1985க்குப் பிறகு மும்மடங்குக்கு மேல் ஏறிவிட்டதாக 2013இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ படத்தில் திக்குவாய் மன்னர் சிகிச்சைக்காகக் கெட்ட வார்த்தைகளைக் கொட்டுவார். அதற்கு அமெரிக்கா, சிறுவர்கள் பெரியவர் துணையோடு மட்டுமே பார்க்கக்கூடிய ‘ஆர்’ கொடுத்தது. பிரிட்டிஷ் வாரியம் முதலில் 15 என்றது. விநியோகஸ்தர் மேல்முறையீடு செய்ததும், யாரையும் ஏசாமல் பேச்சுப் பயிற்சியாக வரும் சொற்கள் என்று கருதி 12ஏ ஆக்கியது. அங்கும் பேரம் உண்டு. ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 12ஏ வாங்க ஏழு விநாடி ரத்தத்தை இழந்தது. வித்தியாசம், அந்த ஏழு விநாடியும் அதற்கான காரணமும் எல்லோரும் படிக்கும்படி வாரியத்தின் பதிவில் இருக்கின்றன.

ஷியாம் பெனகல் தலைமையில் 2016இல் அமைந்த குழு இதைப் புரிந்துகொண்டுதான் இரண்டு யோசனைகளைச் சேர்த்து வைத்தது. ஒன்று, யுஏவை வயதுவாரியாகப் பிரிப்பது. மற்றது, வாரியம் வெட்டுவதை விட்டுவிட்டு வகைப்படுத்துவதோடு நின்றுகொள்வது. 2023இன் சட்டம் முதல் பாதியைச் சிறு மாற்றத்தோடு எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மேசையிலேயே விட்டுவந்தது. கத்தரியும் முத்திரையும் ஒரே கையில் இருக்கும்வரை, வயது வரம்பு எத்தனை படிகளாகப் பிரிந்தாலும் அத்தனையும் பேரத்துக்கான புதிய படிகள்தாம். ‘வெட்டுக்கு ஆசைப்படுவது தயாரிப்பாளர்களே’ என்ற எதிர்வாதம் பொய்யல்ல. அவர்கள் ஆசைப்படட்டும், எதை வெட்டி எந்த எழுத்தை வாங்கினார்கள் என்பது டிக்கெட் வாங்கும் பெற்றோருக்குத் தெரியட்டும்.

முறையீட்டுக்கான வழியும் குறுகிவிட்டது. தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ வாரியத்தின் நீண்ட வெட்டுப் பட்டியலைத் தாண்டி 2011இல் ‘ஏ’ சான்றோடு திரைக்கு வந்ததற்குத் தில்லியில் இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் காரணம். 2021 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பாயத்தைக் கலைத்துவிட்டார்கள். இனி உயர் நீதிமன்றம்தான். 2026 பொங்கல் வெளியீடாக இருந்த விஜய்யின் ‘ஜன நாயகன்’ படத்துக்குப் பரிசீலனைக் குழு யுஏ 16+ பரிந்துரைத்தது; குழு உறுப்பினர் ஒருவரின் புகாரால் மறுபரிசீலனைக்குப் போனது. ஜனவரி 9இல் தனி நீதிபதி சான்று தரச் சொன்னார். அன்றே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. அதற்குச் சில மாதம் முன், கோபி நயினாரின் ‘மனுஷி’ வழக்கில், வாரியம் ஆட்சேபித்த இடங்களைச் சரிபார்க்க நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் படத்தையே போட்டுப் பார்த்தார். ஐவர் பார்த்துவிட்டுக் காரணத்தை எழுதி வெளியிட்டிருந்தால் ஆறாவதாக ஒரு நீதிபதி பார்க்க வேண்டியிருந்திருக்காது.