அண்ணலின் ஓய்வு நேரங்கள்

பெரியோரைப் போற்றும்போது அவர்தம் அரும்பெரும் செயல்களையே எடுத்துரைப்பது உலக வழக்கு. அண்ணல் அம்பேத்கரை நினைக்கும்போதும் மகத் குளப் போராட்டம், வட்டமேசை மாநாடு, அரசியல் சட்டம் என்பனவே முதற்கண் நம் நாவில் வருகின்றன. ஒரு கையில் நூலேந்தி, மறுகையின் விரலை நீட்டி நிற்கும் உருவமாகவே நம் பிள்ளைகள் அவரை அறிந்துள்ளனர். அவ்வுருவம் நமக்குப் பெருமை தருவதே. ஆயினும், நெஞ்சில் ஈரமும் வாழ்வில் சுவையும் நிறைந்த ஒரு மனிதர் அவ்வுருவத்தின் பின்னே இருந்தார். அவர் எவற்றை விரும்பினார், ஓய்வு கிடைத்தபோது என்ன செய்தார் என்பதை இவ்வெள்ளி விழாக் காலத்தில் எண்ணிப் பார்ப்பது நம் இளைஞர்க்குப் பெரிதும் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

ஓய்வு என்பதே நம் முன்னோர்க்கு எட்டாத பொருளாக இருந்தது. விடிவதற்கு முன் பண்ணையார் நிலத்தில் இறங்கி, இருட்டிய பின் குடிசை திரும்பியவர்களுக்குப் பொழுதுபோக்கு ஏது? நம்மவர் கலையறியாதவர் அல்லர். பறையின் அடவுகளை நம்மைப்போல் அறிந்தவர் யார்? ஆனால் அந்த இசையும் சாவு வீட்டில் கட்டாயமாகச் செய்தாக வேண்டிய ஊழியமாக நம்மீது சுமத்தப்பட்டது. விரும்பிய கலையை விரும்பிய நேரத்தில் பயிலும் உரிமையும் நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட உரிமைகளுள் ஒன்றே. இதனை மனத்திற்கொண்டு அண்ணலின் வாழ்வை நோக்குவோம்.

அவருடைய முதற் காதல் நூல்களின் மீதே. 1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மௌ என்னும் இராணுவக் குடியிருப்பில் பிறந்த அவருக்குத் தந்தையார் இராம்ஜி சக்பால் தேடித் தந்த பெருஞ்செல்வம் கல்வியே. மகன் ஒரு நூலைக் கேட்டுவிட்டால், கையில் பணமில்லாதபோதும் அவர் மறுத்ததில்லை. மணமாகிச் சென்ற தம் பெண்மக்களிடம் நகையை வாங்கி அடகு வைத்து நூலை வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுத் திருப்பித் தருவார். 1907-இல் மெட்ரிக்குலேஷன் தேறியபோது, கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அச்சிறு பரிசின் விளைவு 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் உலகறிய வெளிப்பட்டது.

1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அண்ணல், உணவிலும் உடையிலும் மிச்சம் பிடித்து, நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளில் நூல் வாங்கினார். 1917-இல் தாயகம் திரும்பியபோது அவருடைய நூல்களும் பொருள்களும் ஏற்றப்பட்டிருந்த கப்பல், உலகப் போரில் தாக்கப்பட்டு மூழ்கியது. அடகு வைத்த நகையில் படித்துப் பழகியவருக்கு அது எத்தகைய இழப்பு என்று சொல்லவும் வேண்டுமோ? எனினும் அவர் மீண்டும் முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கினார். 1930-களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் வீடு கட்டியபோது, தங்குவதற்கு மட்டுமன்றி நூல்களை வைப்பதற்கென்றே அதனை அமைத்தார். புத்தர் காலத்து மகத நாட்டுத் தலைநகரின் பெயரால் அவ்வில்லத்திற்கு ராஜகிருகம் என்று பெயரிட்டார்.

நம் செஞ்சியில் ராஜகிரி என்னும் மலைக்கோட்டை இருக்கின்றது. களஞ்சியங்களும் படை தங்குமிடங்களும் கொண்ட அக்கோட்டையை மன்னர் மாறி மன்னர் கைப்பற்றினர். இன்று அது ஆளரவமற்று நிற்கின்றது. அண்ணலின் ராஜகிருகமோ நூல்களால் எழுந்த கோட்டை. அங்கே சேர்ந்த அறிவு ஒரு குடும்பத்தோடு நின்றுவிடவில்லை. 1945-இல் அவர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கிற்று. தாம் அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்களில் பெரும் பகுதியை அக்கல்லூரிக்கே அளித்தார். உயிரினும் மேலாகக் காத்த பொருளைப் பிறர் பிள்ளைகளுக்குக் கொடுத்த அந்த உள்ளத்தை நாம் வணங்குகின்றோம்.

நூல்களுக்கு அடுத்து அவர் விரும்பியது தோட்டம். சட்ட அமைச்சராகத் தில்லியில் வாழ்ந்த நாளில் தம் இல்லத்தைச் சுற்றிச் செடி கொடிகளைப் பேணி வளர்த்தார். சிறுவயதில் தந்தையைக் காணச் சென்ற வழியில், சாதியின் பெயரால் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் மறுக்கப்பட்டவர் அவர். பள்ளியிலும் தாமாகக் குழாயைத் தொட முடியாமல் தாகத்தோடு இருந்தவர். அவரே பின்னாளில் பூஞ்செடிகள் வாடாமல் பார்த்துக்கொண்டார். வாயற்ற உயிர்களிடத்தும் அவருக்குப் பரிவு மிகுதி. நாய்களை அன்போடு வளர்த்தார்.

முதுமை நெருங்கிய காலத்தில், நீரிழிவும் கால்வலியும் வாட்டியபோது, அவர் வயலின் கற்கத் தொடங்கினார். மேதையாக வேண்டும் என்றோ மேடையேற வேண்டும் என்றோ கற்கவில்லை. இசை அவருக்குப் பிடித்திருந்தது, ஆகவே கற்றார். யாருடைய ஆணைக்கும் அன்றித் தம் விருப்பத்திற்காக ஒரு கருவியைக் கையிலெடுத்த அச்செயலின் பொருள், தலைமுறை தலைமுறையாகக் கட்டாயத்தால் கொட்டடித்த நமக்கு நன்கு விளங்கும். அவருடைய வயலின் புனே நகரில், சிம்பயாசிஸ் நிறுவனத்தின் அம்பேத்கர் அருங்காட்சியகத்தில் போற்றிக் காக்கப்படுகின்றது. ஓவியத்தையும் அவர் அவ்வாறே பயின்றார்; புத்தர் பெருமானின் உருவை வரைந்தார். கண்மூடி அமர்ந்த புத்தரைவிட, விழித்த கண்களால் உலகின் துயரை நோக்கும் புத்தரையே அவர் பெரிதும் விரும்பினார்.

சமையலிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. இதனை நாம் ஏட்டில் படித்து மட்டும் அறியவில்லை. நம் தமிழ்நாட்டுத் தலைவி ஒருவரே அதற்குச் சான்று. 1942-இல் நாகபுரியில் அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பு உருவானபோது அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெருந்தலைவர் ந. சிவராஜ். அவருடைய துணைவியார் அன்னை மீனாம்பாளை அண்ணல் தம் உடன்பிறந்த தங்கையாகவே கருதி வந்தார். பம்பாய் சென்றபோது அண்ணல் தம் கையாலேயே சமைத்துப் பரிமாறியதை அம்மையார் பிற்காலத்தில் நெகிழ்ந்து நினைவுகூர்ந்தார். நாடு போற்றும் பேரறிஞர் அடுப்படியில் நின்று தங்கைக்குச் சமைத்த காட்சியை நம் ஆடவர் எண்ணிப் பார்ப்பாராக!

இந்த அன்பே அவருடைய பொதுவாழ்விலும் பெருகிற்று. 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைப் பெண் தொழிலாளரின் பேறுகால நலச் சட்டத்தை ஆதரித்துப் பேசினார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது சுரங்கப் பெண்களின் பேறுகால உதவிக்குப் பாடுபட்டார். பெண்களின் உரிமைக்கான இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி, 1951-இல் அமைச்சர் பதவியையே துறந்தார். செடி வாடப் பொறாத நெஞ்சம் மனிதர் வாடப் பொறுக்குமோ?

1956 டிசம்பர் 5-ஆம் நாள் இரவு, தில்லி அலிப்பூர் சாலை 26-ஆம் எண் இல்லத்தில், அலுவலக வேலை முடித்து வந்து தட்டச்சு செய்து தரும் நானக் சந்த் ரத்து உடனிருந்தார். அண்ணல் புத்த வணக்கத்தையும் கபீரின் பாடலையும் மெல்லப் பாடினார். அலமாரியிலிருந்து சில நூல்களை எடுத்துவரச் செய்தார். புத்தரும் அவர் தம்மமும் என்னும் தம் நூலின் முன்னுரைத் தாள்களைத் தம் அருகில் வைக்கச் சொன்னார். மறுநாள் காலை அவர் கண்விழிக்கவில்லை. இசையும் நூலும் இறுதி இரவிலும் அவருக்குத் துணையாயின.

இதனால் நாம் பெறும் படிப்பினை யாது? படிப்பது வேலைக்காக, வேலை கிடைத்தபின் நூல் எதற்கு என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். பிள்ளை பாட்டுக் கற்க விரும்பினால், படம் வரைய விரும்பினால், "நமக்கு எதற்கு இதெல்லாம்?" என்று பெற்றோரே தடுப்பதும் உண்டு. வறுமை அவ்வாறு பேச வைக்கின்றது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் "உனக்கு எதற்கு?" என்று நேற்றுவரை பிறர் நம்மைக் கேட்ட கேள்வியை, இன்று நம் பிள்ளைகளிடம் நாமே கேட்கலாமா? அண்ணல் நமக்காகக் கேட்டது வயிற்றுக்குச் சோறு மட்டும் அன்று. முழு மனித வாழ்வு.

அவலூர்பேட்டைச் சந்தைக்குச் சென்று திரும்பும் தந்தை, காய்கறியோடு பிள்ளைக்கு ஒரு கதை நூலும் வாங்கி வரட்டும். நம் காலனியின் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் ஒரு பூச்செடி மலரட்டும். பறையைக் கட்டாயத்திற்கன்றி, கலையெனத் தலைநிமிர்ந்து இளைஞர் பயிலட்டும். விரும்பியவர் வயலினும் பயிலட்டும். இருபத்தைந்து ஆண்டு கண்ட நம் கல்விச் சங்கம் எழுத்தறிவோடு இவற்றுக்கும் இடம் தருமாயின், அதுவே அண்ணலுக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றிக்கடனாகும்.