ஏழ்மை வார்த்தைப்பாடும் அரசர் காசும்

 நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் மானிப்பாயில் பிறந்த கதையையும், எத்தனை மொழி அறிந்தவர் என்ற கணக்கையும் நம்மவருக்கு மறுபடி சொல்லத் தேவையில்லை. அவருடைய துறவைக் கோவிலிலும் புலமையைத் தமிழ்ச் சங்கத்திலுமாகப் பிரித்துப் போற்றி வருகிறோம். எனக்கோ இரண்டும் ஏழ்மை என்ற ஒரே வார்த்தைப்பாட்டின் விளைவாகவே தெரிகின்றன.

புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர் உத்தியோகம். அந்நாளைய யாழ்ப்பாணத்தில் அரசாங்கச் சம்பளத்துக்கு இருந்த மதிப்பைச் சொல்லவும் வேண்டுமா? அதை உதறிவிட்டு அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து, 1901இல் குருப்பட்டம் பெற்றார். 1816இல் புனித யூஜின் தெ மசெனோட் தொடங்கிய அச்சபையின் விருதுவாக்கு, நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் வாசித்த எசாயாவின் வாக்கிலிருந்து வந்தது (லூக்கா 4). ஏழைகளுக்கு நற்செய்தி கொண்டுபோகிறவர் தாமும் ஏழையாகவே போகவேண்டும் என்பது அதன் உட்கிடை.

அப்படிப் போன கைக்கு அரசர் காசு வந்து சேர்ந்தது. படுத்திருக்கும் எருது, அதன் கீழே 'சேது' என்ற தமிழெழுத்து. இந்தப் பழங்காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று முன்னர் எழுதியவர்கள் உண்டு. அடிகளார் 1920இல் 'சிலோன் ஆன்டிகுவரி' இதழில் எழுதிய கட்டுரையில், இவை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டவை என்று நிறுவினார். அவ்வரசரின் வெற்றியைச் சொல்லும் கொட்டகம கல்வெட்டும் 'சேது' என்றே தொடங்குவது நினைக்கத்தக்கது. மத்தேயு 22ஆம் அதிகாரத்தில் வரிக்காசைக் காட்டச் சொன்ன ஆண்டவர், உருவத்தையும் எழுத்தையும் பற்றியே வினவுகிறார். காசின் மதிப்பைக் கேட்கவில்லை. அடிகளாரும் அந்த வினாவோடுதான் காசைக் கையிலெடுத்தார். பொருளாசை தீர்ந்த கண்ணுக்கே எழுத்து இத்தனை தெளிவாகப் புலப்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புகழாசையும் அவரிடம் இல்லை. 1928இல் வந்த 'யாழ்ப்பாண வைபவ விமர்சன'மே சான்று. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வரலாற்று நூலான வைபவமாலையை நம் முன்னோர் கேள்வி கேட்காமல் ஏற்றுப் போற்றினர். அடிகளார் அதைப் போர்த்துக்கேயர் குறிப்புகளோடு ஒப்புநோக்கி, பொருந்தாதவற்றைப் பொருந்தாது என்றே எழுதினார். யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர்கள் சிலவற்றில் சிங்கள மூலம் கண்டபோது அதையும் ஒளிக்கவில்லை. அந்த முடிவுகளை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு; எனக்கும் சிலவற்றில் உடன்பாடில்லை. ஆனால் தன் ஊரார் முகம் சுளிப்பார்களே என்று அவர் பேனா தயங்கியதில்லை.

சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி 1938 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. திராவிட மொழிச் சொற்களோடு ஐரோப்பிய மொழிச் சொற்களையும் பக்கத்தில் நிறுத்தி உறவு தேடிய பெருமுயற்சி அது. பாபேலில் சிதறிய மொழிகள் (தொடக்கநூல் 11) பெந்தகோஸ்து நாளில் ஒரே செய்தியைப் பேசியதை (திருத்தூதர் பணிகள் 2) நம்பிய ஒரு குரு, மொழிகளுக்குள் உறவு தேடியதில் வியப்பென்ன! 1947 ஜனவரி 22 அன்று இறைவனடி சேர்ந்தபோது அகராதி முற்றுப்பெறவில்லை.

குருமடத்து இளைஞர்களே, பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களே, அவருடைய கல்லறையில் மாலை சாத்துங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு அகராதியின் வெளிவந்த பகுதிகளையும் தேடி எடுங்கள். அவர் காட்டிய வேர்களை இன்றைய மொழியியலின் முன் வைத்து, நிற்பவை எவை, விழுபவை எவை என்று தயங்காமல் எழுதுங்கள். வைபவமாலைக்கு அவர் செய்ததும் அதுதானே.